முகூர்த்தத்திற்கு நான் வைத்த கடிகாரம்

நேரத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்ட மனிதரிடம் எவரும் மணி கேட்பதில்லை. கேட்டால் மணியோடு ஒரு விரிவுரையும் சேர்ந்து வரும் என்ற அச்சம்தான் காரணம். இந்த எளிய உண்மையை நான் அறுபத்தாறாவது வயதில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள மாசாயில் ஒரு கோவில் மண்டபத்தில், பட்டு வேட்டியோடு சம்மணமிட்டு அமர்ந்தபடி கற்றுக்கொண்டேன்.

என் மகள் நித்யாவின் திருமணத்தில் நடந்ததைப் பற்றி இரு குடும்பங்களிலும் பல கதைகள் உலவுகின்றன. ஒன்றில் நான் மயங்கி விழுகிறேன் (விழவில்லை). இன்னொன்றில் ஐயர் என்னை நோக்கிக் கை ஓங்குகிறார் (அவர் ஓங்கியது விசிறியை, ஓமப் புகை). மாப்பிள்ளையின் ஊரான பொந்தியானில் சொல்லப்படும் கதையில் என் கணினி வெடித்தே விடுகிறது. என் மதிப்பைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கையில், வெடித்த கதையே எனக்குச் சற்றுக் கௌரவமானதாகத் தோன்றுகிறது. ஆயினும் உண்மையை மாற்றுவதற்கில்லை.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். நான் கல்லூரியில் கணினி பயின்றவன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நாளும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று, ஒரு நிறுவனத்தில் இயங்குதளத்தின் கெர்னலுக்குள் வேலை பார்த்தேன். கெர்னல் என்பது கணினியின் அடிவயிறு. மற்ற எல்லா நிரல்களும் அதனிடம் கேட்டுத்தான் எதையும் செய்யும். அதற்குள்ளும் என் பொறுப்பு நேரம். கணினியில் எந்த நிரல் "இப்போது மணி என்ன?" என்று கேட்டாலும், பதில் சொல்லும் செயற்கூறுகளைப் பராமரிப்பவன் நான். (பாலத்தில் வாகன நெரிசலில் சிக்கித் தாமதமாக அலுவலகம் சேர்ந்தவர்களில் முதலிடமும் எனக்கே என்று என் மனைவி கோமதி சொல்வாள். அது இங்கே தேவையற்றது.)

கணினிக்குள் மணி கேட்பதற்குப் பல வழிகள் உண்டு. ஒன்று, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தை அப்படியே எடுத்துச் சொல்வது. மிகவும் விரைவானது; ஆனால் செய்தி சற்றுப் பழையது. இரண்டாவது, வன்பொருளில் ஓடும் எண்ணியைப் போய்ப் பார்த்து, கணக்கிட்டு, துல்லியமாகச் சொல்வது. இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு நிபந்தனையும் உண்டு. அந்தக் கணத்தில் யாராவது நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தால், திருத்தம் முடியும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி, எந்த நெருக்கடியிலும் நிற்காமல் பதில் சொல்வது. இம்மியளவு பிசகலாம், ஆனால் யாரையும் தொங்கவிடாது. விரைவு, துல்லியம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே வழியில் பெற முடியாது என்பதுதான் என் முழுப் பணிக்காலத்தின் சாரம்.

அதிலிருந்து பிறந்த ஒரு விதி உண்டு. நேரத்தைத் திருத்திக்கொண்டிருப்பவன், அந்த வேலையின் நடுவே, துல்லியமான வழியில் நேரம் கேட்கவே கூடாது. கேட்டால், திருத்தம் முடியட்டும் என்று காத்திருப்பான். திருத்தத்தை முடிக்க வேண்டியவனோ அவனேதான். இதை ஒருமுறை நான் கோமதிக்கு விளக்கியபோது அவள், "பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள நிக்கிற ஆளு, உள்ள இருக்கிறவன் எப்ப வெளிய வருவான்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி" என்றாள். பல ஆண்டுகள் இளைய பொறியாளர்களுக்கு நான் அளித்த விளக்கங்களைவிட அது சிறப்பாக இருந்ததால், நான் அதைப் பாராட்டவில்லை.

இப்போது திருமணத்திற்கு வருகிறேன்.

மாப்பிள்ளை சரவணனின் தகப்பனார் திரு. முனியாண்டி பொந்தியான்காரர். அன்னாசித் தோட்டங்களுக்கு லாரி ஓட்டித் தொழில் தொடங்கி, பின்னர் சொந்தமாகச் சில லாரிகள் வைத்திருந்தவர். பெண் பார்க்க வந்தபோது நகை பற்றியோ, மண்டபம் பற்றியோ, சாப்பாடு பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்.

"சம்பந்தி, எனக்கு ஒன்னே ஒன்னுதான். நேரம் தப்பக் கூடாது. பெரியவன் கல்யாணத்துல ஆயர் ஈத்தாம்கிட்ட எங்க பஸ்ஸு ஜாம்ல மாட்டிக்கிச்சு. முகூர்த்தம் முடிஞ்சப்புறம்தான் தாலி கட்டுனான். அந்தப் பொண்ணு ரெண்டு தீபாவளிகூட எங்க வீட்டுல இருக்கல. நான் படிச்சவன் இல்ல, எனக்கு வேற காரணம் தெரியல. சின்னவனுக்கும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

நல்ல நேரம், கெட்ட நேரம் இவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் கண்களைப் பார்த்தபோது அதைச் சொல்வது முறையல்ல என்று தோன்றியது. எனவே வேறொன்றைச் சொன்னேன்.

"கவலைப்படாதீர்கள் சம்பந்தி. நேரம் என் துறை."

(இந்த வாக்கியத்தை நான் சொன்ன குரலிலேயே என் மகள் இன்றும் சொல்லிக்காட்டுவாள். அவ்வளவு மூக்கால் நான் பேசுவதில்லை.)

கோவில் ஐயர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை முதல் பத்தரைவரை முகூர்த்தம் என்று குறித்துத் தந்தார். மண்டபத்தைப் பார்க்கப் போனேன். அங்கே சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஏறக்குறைய கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. அதைக் கழற்றி அறைக்குள் வைக்கச் சொன்னேன். ஐயர் தம் கைப்பேசியை எடுத்துக் காட்டி, "இத வச்சே பாத்துக்கலாம் சார்" என்றார். கைப்பேசியை நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு எடுத்துரைத்தேன். கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞை, அதில் ஏற்படும் சுணக்கம், பயனரே தவறுதலாக அமைப்பை மாற்றிவிடும் சாத்தியம் என ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அது ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. அதன் பின்னால் என் சிறிய கணினி. அதற்குள் நானே தொகுத்த கெர்னல். மண்டபத்தில் அந்த ஒரு நேரம்தான் செல்லும். இதுவே என் திட்டம். வினாடிகள் ஓடும்படித்தான் முதலில் அமைத்திருந்தேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது கோமதி முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, இந்த செகண்டெல்லாம் எதுக்கு? பந்து விளையாட்டு மாதிரி இருக்கு. பொண்ணு கழுத்துல தாலி ஏறப்போவுதா, கோல் போடப்போறாங்களா?"

மனைவியின் சொல்லுக்கு மதிப்பளித்து வினாடியை எடுத்துவிட்டேன். மணியும் நிமிடமும் மட்டும். அன்று நான் செய்த தவறுகளில் இது ஒன்றுதான் என்னுடையது அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கெர்னலில் நான் இரண்டு மேம்பாடுகள் செய்திருந்தேன். கணினிக்குள் நிகழ்வது எதுவும் ஒரு வரியாகப் பதிவாகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் குறிக்கப்படும். வழக்கமாக அந்தக் குறிப்பு, நான் சொன்ன மூன்றாவது வழியில், அதாவது இம்மி பிசகினாலும் தொங்காத வழியில் எடுக்கப்படும். என் மகளின் திருமணத்தில் இம்மி பிசகுவதா? அதைத் துல்லியமான வழிக்கு மாற்றினேன். இரண்டாவதாக, இணையத்திலிருந்து நேரத் திருத்தம் வரும் இடத்தில், "நேரம் திருத்தப்பட்டது" என்று பதிவு செய்யும் ஒரு வரியைச் சேர்த்தேன். பிற்காலத்தில் எவரேனும் கேள்வி எழுப்பினால் சான்று இருக்க வேண்டுமல்லவா?

நேரத்தைக் கையால் மாற்றிச் சோதித்தேன். ஒழுங்காக ஓடியது. கையால் நேரம் வைக்கும் வழி வேறு, இணையத்திலிருந்து திருத்தம் வரும் வழி வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் சுவர் எழுப்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்று பந்தல்காரர் தொலைபேசியில் அழைத்தார், எழுந்து போய்விட்டேன்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்தது. பொந்தியானிலிருந்து சம்பந்தி இரண்டு பஸ்களோடு விடியற்காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டார். (இந்த முறை ஆயர் ஈத்தாம் பக்கமே வரக் கூடாது என்று ஓட்டுநரிடம் கூறியிருந்தாராம். பொந்தியானிலிருந்து மாசாய்க்கு வர ஆயர் ஈத்தாம் வழியே கிடையாது என்று நான் சொல்லவில்லை.) மண்டபத்தில் இணைய வசதி இல்லாததால் கணினிக்கு நேரத்தைக் கையால் வைத்தேன். பிறகு என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோமதியின் கைப்பைக்குள் போட்டேன். அடையாளப்பூர்வமான செயல் அது. அதையும் போதாதென்று கருதி, ஒலிபெருக்கியை வாங்கி, வந்திருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பும் செய்தேன். இந்த மண்டபத்தில் சரியான நேரம் இந்தத் திரையில் உள்ளதே. தயவுசெய்து உங்கள் கைப்பேசிகளையும் கைக்கடிகாரங்களையும் நம்பிக் குழப்பம் ஏற்படுத்த வேண்டாம் என்று.

மேடையை விட்டு இறங்கும்போது கோமதியின் தம்பி தேவாவிடம், "இணைய இணைப்பு மட்டும் இருந்திருந்தால் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டேன். தேவா நல்ல மனிதர். யாராவது பெருமூச்சு விட்டால் பொறுக்கமாட்டார்.

நான் மேடையில் அமர்ந்து, சங்கல்பம் செய்து, ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தேவா கோவில் அலுவலகத்திலிருந்து ஒரு நீண்ட கம்பியை இழுத்துவந்து, என் கணினியின் பின்பக்கத்தில் செருகிவிட்டு, தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையசைத்தேன்.

அப்போது திரையில் மணி ஒன்பது இருபத்து நான்கு.

உள்ளே என்ன நடந்தது என்பது அந்நேரம் எவருக்கும் தெரியாது. வெளியே நடந்தது இதுதான்: திரை நின்றுவிட்டது. அணையவில்லை, கறுக்கவில்லை. ஒன்பது இருபத்து நான்கு என்று அழகாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

ஐயர் திரையைப் பார்த்தார். நேரம் இருந்ததால் மந்திரங்களை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முடிந்தது. திரையைப் பார்த்தார். மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நாதஸ்வரக்காரர் தமக்குத் தெரிந்த மங்கலமான கீர்த்தனைகள் எல்லாவற்றையும் வாசித்து முடித்து, சற்றுத் துயரமான ராகங்களின் எல்லைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். சம்பந்தி மட்டும் நிம்மதியாக அமர்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியோர் அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தம் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, இன்னும் நேரம் கெடக்கு. சம்பந்தி கணக்குன்னா கணக்குதான்" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாவது வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் திரையைப் பார்த்துவிட்டுத் தம் கைக்கடிகாரத்தைப் பின்னோக்கித் திருகிச் சரிசெய்துகொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தார், மறுபடி திருகினார். மூன்றாம் முறை கடிகாரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, வெறுப்போடு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஓர் இளைஞர் தம் கைப்பேசியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மண்டபம் முழுவதும் சரியான நேரம் ஆளுக்கொரு பையில் இருந்தது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கிள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கேட்டால் கோபுரம், சமிக்ஞை என்று தொடங்கிவிடுவார்.

எனக்கும் ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்தது. என் இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. சில நிமிடங்கள் சம்மணமிட்டதற்கு இப்படி ஆகாது என்று அறிவு சொன்னது. திரையைப் பார்த்தேன். ஒன்பது இருபத்து நான்கு. கால்களை நம்புவதா, கெர்னலை நம்புவதா? மகிழ்ச்சியான வேளைகளில் காலம் நின்றுவிடும் என்று கவிஞர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். கவிஞர்களை நான் நம்பியது அன்று ஒருநாள்தான்.

எனக்கு எதிரே மணவறையில் தலை குனிந்து அமர்ந்திருந்த நித்யா, உதடு அசையாமல் பேசினாள்.

"ப்பா. உங்க மணி ஹேங் ஆயிடுச்சு."

"வாய்ப்பே இல்லை" என்றேன், நானும் உதடு அசையாமல்.

"ப்பா, நான் நர்ஸு. நைட் ஷிப்ட்ல கடிகாரம் பாக்காமலே மணி சொல்லுவேன். ஐயர் மூனாவது ரவுண்டு போறாரு. ஓமத்துல குச்சி தீர்ந்துபோச்சு."

"பொறுமையாக இரு அம்மா. பதற்றத்தில் காலம் நீண்டு தெரிவது இயல்பு."

அவள் நிமிர்ந்தாள். மணப்பெண் நிமிரக் கூடாத நேரம் அது. "ஐயர் மாமா" என்று உரத்த குரலில் கூப்பிட்டாள். "உங்க போன்ல மணி என்ன?"

ஐயர் என்னைப் பார்த்தார். பிறகு, குற்றம் செய்பவரைப் போல, இடுப்பு மடிப்பிலிருந்து கைப்பேசியை மெல்ல எடுத்தார். பார்த்தார். அவர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

"அலமாக்!" என்றார் ஐயர். (மணமேடையில் ஒரு புரோகிதர் இந்த மலாய் 'ஐயையோ'வைப் பயன்படுத்தி நான் கேட்டது அதுவே முதல் முறை.) "சார், பத்து இருபது ஆயிடுச்சு!"

அதன்பிறகு நடந்தவற்றில் எனக்குப் பெரிய பங்கு கிடையாது. மரத்துப்போன கால்களோடு எழ முயன்று, பக்கத்தில் இருந்த வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (மயங்கி விழுந்த கதை இங்கிருந்து பிறந்திருக்கலாம்.) கூறைப்புடவை இன்னும் தட்டிலேயே இருந்தது. பெண் உள்ளே போய் அதை உடுத்திவரச் சாதாரணமாகவே அரை மணி நேரம் ஆகும். கோமதி தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐயர் தடுத்தார்.

"உடுத்தவெல்லாம் நேரம் இல்லம்மா! மேல போத்திக்கிட்டு உக்காரச் சொல்லுங்க லா!"

என் மகள் ஒரு புடவையை உடுத்தி, இன்னொன்றைக் குளிர் தாங்காதவளைப் போலப் போர்த்திக்கொண்டு அமர்ந்தாள். தவில் அதிர்ந்தது. முகூர்த்தம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் தாலி ஏறியது. மண்டபமே மூச்சு விட்டது. கோமதி அழுதாள். நானும் அழுதிருப்பேன், கால்களில் ரத்தம் திரும்பும் வேதனையில் அதைத் தனியாக அடையாளம் காண இயலவில்லை.

அப்போதுதான் சம்பந்தியைக் கவனித்தேன். அவர் மணமக்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த அமைதி போய்விட்டிருந்தது. மெதுவாக என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, முகூர்த்தம் ஒம்பதரைக்குத்தானே ஆரம்பிக்குது?"

"ஆமாம்."

"உங்க மணில இன்னும் ஒம்பது இருவத்து நாலுதான் ஆவுது. முகூர்த்தம் பொறக்கறதுக்கு முன்னாலயே கட்ட வச்சிட்டாங்களே."

"இல்லை சம்பந்தி. கைப்பேசியில் பத்தரை ஆகப்போகிறது. எல்லார் கைப்பேசியிலும்."

"போன நம்பாதீங்கன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க?" அவர் குரலில் கேலி துளியும் இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. "நான் படிக்காதவன். நீங்க நேரத்துக்கே படிச்சவரு. மத்தவங்க என்ன சொன்னாலும் எனக்கு உங்க மணிதான். சொல்லுங்க சம்பந்தி, என் மவன் நல்ல நேரத்துலதான் தாலி கட்டுனானா?"

கேட்டுவிட்டு நின்றார். அவர் கண்கள் பெரிய மகனைத் தேடின. அவன் கூட்டத்தின் ஓரத்தில், தனியாக, கை கட்டி நின்றுகொண்டிருந்தான்.

அந்த மண்டபத்தில் எத்தனை கைப்பேசிகள் இருந்தாலும், இந்த மனிதர் ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் நம்பினார். அது பொய் சொல்கிறது என்று அதை வைத்தவனே சொன்னாலொழிய இவர் வீட்டில் இனி உறக்கம் இருக்காது. நாளைக்கு என் மகளுக்கும் அவர் மகனுக்கும் சிறு மனத்தாங்கல் வந்தாலும், அந்த ஒன்பது இருபத்து நான்கு இவர் கண்முன் வந்து நிற்கும்.

ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன்.

"வந்திருக்கும் பெரியோர்களே" என்று தொடங்கினேன். "காலத்தைக் கணிக்கும் செயற்கூறுகளில் விரைவுக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒரு சமநிலை தேவைப்படுகிறது. திரையில் நீங்கள் காணும் நேரமானது, கொள்கையளவில் துல்லியமான ஒரு முறையில் பெறப்பட்டதாயினும், தற்சமயம் அது புதுப்பிக்கப்படும் நிலையில் இல்லாதிருப்பதற்கான சாத்தியக்கூறு..."

சம்பந்தி என் முழங்கையைத் தொட்டார்.

"சம்பந்தி, சுருக்கமா சொல்லுங்க. உங்க மணி சரியா, தப்பா?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலையில் நான் பிறரிடம் சொல்லிவந்த ஒரு சொல் அது. எனக்கு நானே சொல்லிப் பழகியதில்லை. நித்யா இரண்டு புடவைகளுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு" என்றேன்.

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது.

"என் கடிகாரம் தப்பு. உங்கள் எல்லார் கையிலும் இருப்பதுதான் சரி. தாலி நல்ல நேரத்தில்தான் ஏறியது."

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன். பிறகு தவில்காரர், காலையிலிருந்து சைகைக்காகக் காத்துக் காத்து நரம்பெல்லாம் முறுக்கேறியிருந்தவர், இதுவும் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். கெட்டிமேளம் கேட்டால் நம் மக்களின் கை தானாக எழும். மிச்சம் வைத்திருந்த அட்சதை முழுவதும் என் தலைமேல் விழுந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்றே தூவினார். அவருக்குத் தம் கடிகாரம் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சி.

சம்பந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தப்புன்னு சொன்னீங்களே சம்பந்தி. போதும்" என்றார். நான் அரிசியை உதறிக்கொண்டே அப்பால் திரும்பிக்கொண்டேன். கண்ணில் மஞ்சள் அரிசி பட்டிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் தேவா என் இலைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான்தான் ஆபீஸ்லேர்ந்து நெட்டு ஒயர் இழுத்து உங்க மெஷின்ல குத்துனேன். அதனாலதான் கெட்டுப்போச்சா?"

பழியை அவரிடம் ஒப்படைத்துவிடும் வாய்ப்பு இலையில் பாயசத்தோடு பரிமாறப்பட்டது போல இருந்தது. ஆனால் அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இணையம் வந்தது. இணையத்தோடு திருத்தம் வந்தது. கெர்னல் நேரத்தைத் திருத்தத் தொடங்கியது. திருத்தத்தின் நடுவே என் வரி வந்து, "நேரம் திருத்தப்பட்டது" என்று எழுது என்றது. எழுத நேரம் வேண்டும். நேரத்தை, என் ஏற்பாட்டின்படி, துல்லியமான வழியில் கேட்டது. திருத்தம் முடியட்டும், காத்திரு என்று பதில் வந்தது. அது காத்திருந்தது. பொறியாளர்களுக்குப் பாடமாக நான் சொல்லிவந்த அதே விதி. ஓர் இளைஞரின் நிரலை இதற்காகவே ஒருமுறை நான் கடுமையான சொற்களோடு திருப்பி அனுப்பியதும் உண்டு. குளியலறைக்குள் நின்றுகொண்டு கதவைத் தட்டியவன் நானேதான்.

"இல்லை தேவா" என்றேன். "பிழை என்னுடையது."

ஒரே நாளில் இரண்டாவது முறை. தேவா பயந்துபோய் எனக்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

கணினியை அன்று மாலைவரை யாரும் அணைக்கவில்லை. அதன் விளைவு, சில வாரங்கள் கழித்துப் புகைப்படத் தொகுப்பு வந்தபோதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை மாலை மாற்றுகிறார். பின்னால் ஒன்பது இருபத்து நான்கு. தாலி கட்டுகிறார், ஒன்பது இருபத்து நான்கு. என் தலையில் அட்சதை விழுகிறது. ஒன்பது இருபத்து நான்கு. மணமக்கள் காரில் ஏறக் கிளம்பும்போது, திறந்திருக்கும் கதவு வழியே மாலை வெயில் சாய்ந்திருக்கிறது, திரையில் மாற்றமில்லை. என் மகளின் திருமணம், சான்றுகளின்படி, ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்தது. "விரைவுன்னா இதுதான் ப்பா" என்றாள் நித்யா.

பொந்தியான் வீட்டின் கூடத்தில் தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் கடிகாரம் இருக்கும் இடத்தில், கண்ணாடியின்மேல், சம்பந்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறார். சாமிக்கு வைப்பது போல அளவாக அல்ல. நான்கு எண்களும் மறையும்படி அகலமாக.

இரு குடும்பங்களிலும் இப்போது யாரும் தாமதமாவதில்லை. விருந்துக்கு எப்போது வந்தாலும், மணி கேட்டால், ஒன்பது இருபத்து நான்கு என்றே பதில் வரும். கோமதி சோறு தாமதமானால் அதைத்தான் சொல்கிறாள். சம்பந்தியின் பெரிய மகன், பெரும்பாலும் பேசாதவன், சென்ற ஆண்டு தன் இரண்டாம் திருமணத்தைப் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொண்டு வந்து, நேரம் பார்த்தாயா என்று தகப்பனார் கேட்டபோது, "பாத்தேன்ப்பா. ஒம்பது இருவத்து நாலு" என்றானாம். சம்பந்தி சிரித்துவிட்டார் என்று நித்யா தொலைபேசியில் சொன்னாள்.

போன தீபாவளிக்கு நாங்கள் பொந்தியான் போனோம். வழியில் கடும் நெரிசல். மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, விளக்கு ஏற்றும் நேரத்திற்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வெட்கத்தோடு காரைவிட்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தேன். நன்றாகக் கட்டிய வாக்கியம். சம்பந்தி வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. ஏன் இவ்வளவு அவசரமா வந்தீங்க? இன்னும் ஒம்பது இருவத்து நாலுதானே ஆவுது."

என் வாக்கியத்தை விட்டுவிட்டேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தை, அவருக்குத் தெரியும்படியாகவே, உயர்த்திப் பார்த்தேன்.

"ஆமாம் சம்பந்தி" என்றேன். "மிகச் சரி."